ஓடத்தானே இறக்கினது? ஏழாவது ஆட்டமும் ஷ்னைடரின் முடிவுகளும்

மோர்னிங்சைட் மைந்தன் (ஸ்காபரோ)

இரவு கண் மூடேல்லை. கோபத்தில எழுதுறன் எண்டு நினையாதேங்கோ, யோசிச்சுத்தான் எழுதுறன். மாச் பாக்காத ஆக்களுக்காகச் சுருக்கமாச் சொல்லிப்போட்டு விசயத்துக்கு வாறன்.

நவம்பர் 1, 2025. ரோஜர்ஸ் சென்ரர். பேஸ்போல் வேர்ல்ட் சீரிஸின்ர கடைசி, ஏழாவது ஆட்டம், எங்கட ரொறன்ரோ ப்ளூ ஜேஸும் லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸும் ஆளுக்கு மூண்டு வெற்றி எண்ட நிலையில. மூண்டாவது இன்னிங்ஸில அவையின்ர பிச்சர் ஒஹ்டானியின்ர பந்துக்கு எங்கட போ பிஷெட் மூண்டு ரன் ஹோம் ரன் (மதிலுக்கு வெளியால போற அடி) அடிச்சார். எட்டாவது துவங்கேக்க நாங்கள் 4-2. அதில டொட்ஜர்ஸின்ர மன்ஸி ஒரு ஹோம் ரன். ஒன்பதாவதில ஒரு அவுட் விழுந்த பிறகு மிகெல் ரோஹாஸ் இன்னொண்டு, 4-4. பதினோராவதில வில் ஸ்மித்தின்ர ஹோம் ரன், 5-4. 1993க்குப் பிறகு கிண்ணத்துக்கு ரெண்டு அவுட் தூரத்தில நிண்டு விட்டுட்டம்.

ஹோம் ரன் அடிச்சவன் அடிச்சான், அதை விடுவம். என்ர கேள்வி ஒன்பதாவதின்ர கீழ்ப்பாதியை, எங்கட துடுப்பு முறையைப் பற்றி. 4-4, ஒரு அவுட், பிஷெட் சிங்கிள். அவருக்கு செப்ரெம்பர் மாதம் ஹோம் பிளேற்றில (ஓடி வந்து மிதிச்சு ரன் எடுக்கிற இடம்) மோதி முழங்கால் அடிபட்டது, ஓடேலாது. அதால எங்கட மனேஜர் ஷ்னைடர் அவரை எடுத்துப்போட்டு (எடுத்தவர் திரும்ப வரேலாது) கைனர்-ஃபலேஃபாவை ஓட இறக்கினார். பார்ஜருக்கு வோக். அவையின்ர பிச்சர் யமமோட்டோ வந்து கிர்க்குக்குப் பந்தால அடிச்சார், அவருக்கும் முதலாம் பேஸ் சும்மா கிடைச்சுது. பேஸ் நிறைஞ்சுது. வார்ஷோ ரெண்டாம் பேஸ் பக்கமா உருட்டினார். ரோஹாஸ் தடுமாறித்தான் எடுத்தவர், எடுத்து ஹோமுக்கு எறிஞ்சார். கைனர்-ஃபலேஃபா அவுட்.

ரீப்ளேயை எத்தினை தரம் பாத்தாலும் அதுதான் தெரியுது. பிளேற்றில பந்தை வாங்குற ஸ்மித்தின்ர கால் அதில இருந்து ஒருக்கா எழும்பித் திரும்பப் பதியுது. அதுக்கும் எங்கட ஆளின்ர கால் வந்து சேருறதுக்கும் இடையில ஒரு சப்பாத்தின்ர அகலம்கூட இல்லை. அவர் மூண்டாம் பேஸில இருந்து ரெண்டடி கூட முன்னுக்கு நிண்டிருந்தால் நாங்கள் சாம்பியன். ஏன் நிக்கேல்லை? மாச் முடிய அவரே சொன்னார், பேஸுக்குக் கிட்ட நிக்கச் சொல்லித்தான் தனக்குச் சொன்னது எண்டு.

ஓடுறதுக்கு எண்டே ஒரு ஆளை இறக்குறது, இறக்கிப்போட்டு ஓடாமல் நில் எண்டு சொல்லுறது. இந்த ரெண்டு முடிவும் ஒரே மனேஜரிட்ட இருந்து ஒரே இன்னிங்ஸில வந்தது. அதுக்குக் குடுத்த விலை பிஷெட்டின்ர துடுப்பு. என்னால இதை ஏற்கேலாது.

மார்க்கம் வாசி

தம்பி, உங்கட வலி எனக்கும் இருக்கு. ஆனா முதல் நாள் இரவு என்ன நடந்தது எண்டதை நீங்கள் எழுதாமல் விட்டிட்டியள்.

ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-1 எண்டு பின்னுக்கு நிக்கிறம். பார்ஜர் அடிச்ச பந்து மதிலுக்குக் கீழ செருகி நிண்டிட்டுது, அதால எங்களுக்கு ரன் இல்லை, ரெண்டாம் மூண்டாம் பேஸில ஆக்கள். கிளெமெண்ட் அவுட். ஹிமெனெஸ் இடப்பக்கம் ஒரு லைன் டிரைவ் (தாழ்வா நேர பறக்கிற அடி). கீகே எர்னாண்டஸ் ஓடிவந்து பிடிச்சு ரெண்டாம் பேஸுக்கு எறிய, வெளிக்கிட்டு நிண்ட பார்ஜர் திரும்பி வரமுதல் அவுட். மாச் அதோட முடிஞ்சுது. ரன்னர் கூடத் தூரம் போனதால.

அடுத்த நாள் அதே ஒன்பதாவது. பேஸ் நிறைஞ்சிருக்கு, ஒரு அவுட். மன்ஸி மூண்டாம் பேஸுக்குக் கிட்ட நிக்கிறார். ரன்னர் முன்னுக்குப் போய் நிக்க, ஒரு பந்து காத்தில நேர மன்ஸியின்ர கையுக்குப் போனால் இன்னிங்ஸ் சரி. அல்லது ஸ்மித் பந்தைப் பிடிச்ச கையோட மூண்டாம் பேஸுக்கு எறிஞ்சு பிடிப்பார். நான் இஞ்ச ஹவுஸ் லீக்கில பொடியளுக்குச் சொல்லிக் குடுக்கிறனான். பேஸ் நிறைஞ்சால் நாங்கள் சொல்லுறது ஒண்டுதான்: பந்து நிலத்தில பட்டால் ஓடு, காத்தில வந்தால் நில். கைனர்-ஃபலேஃபா அதைத்தான் செய்தார். அவர்ர கால் பந்து நிலத்தில பட்ட உடனயே கிளம்பிட்டுது. ரோஹாஸின்ர எறி நல்லா இருந்தது, அவ்வளவுதான்.

மோர்னிங்சைட் மைந்தன்

அண்ணை, வார்ஷோ எந்தக் கைக்காரர்? இடக்கை. வலப்பக்கமா இழுத்து அடிக்கிறவர். அவர் மூண்டாம் பேஸ்காரன்ர கையுக்கு லைன் டிரைவ் அடிக்கிறதை எத்தினை தரம் கண்டனியள்? பந்து போனதும் ரெண்டாம் பேஸ்காரனிட்டத்தான். இன்ஃபீல்ட் முன்னுக்கு வந்து நிக்குது, யமமோட்டோவின்ர ஸ்பிளிற்றருக்கு (கடைசியில கீழ விழுற பந்து) அடிச்சால் நிலத்திலதான் உருளும். எல்லாம் சேந்து ஒரே இடத்தைத்தான் காட்டுது: வலப்பக்கம் ஒரு உருளல், ஹோமுக்கு ஒரு எறி. அதுக்குத் தயாராகாமல் முதல் நாள் நடந்ததுக்குத் தயாராகினவை.

வெள்ளிக்கிழமை பட்ட சூட்டுக்குச் சனிக்கிழமை பயந்தது எண்டுதான் நான் சொல்லுவன். பார்ஜர் ரெண்டாம் பேஸில செய்ததும் மூண்டாம் பேஸில ஒரு ஆள் எவ்வளவு தூரத்தில நிக்கிறது எண்டதும் ரெண்டு வேற கணக்கு.

கொக்குவில் பார்வையாளர் (யாழ்ப்பாணம்)

அண்ணாக்களே, மச்சாள் ஆக்கள் ஸ்காபரோவில, அவையால நானும் இந்த ஒரு மாதமா விடிய எழும்பிப் பாத்தனான். இஞ்ச எங்களுக்கு கிரிக்கெற் தான். ஒண்டு விளங்கேல்லை. கிரிக்கெற்றில மற்றப் பக்கம் நிக்கிறவன் பந்து போட்ட உடன ரெண்டடி முன்னுக்குப் போறானே, அதுதானே இது? அதோட ஸ்மித் ரன்னரைத் தொடவே இல்லை, எப்பிடி அவுட்?

மார்க்கம் வாசி

தம்பி நல்ல கேள்வி. முன்னுக்குப் போறது அதேதான். வித்தியாசம் என்னெண்டால் கிரிக்கெற்றில பந்தைப் பிடிச்சால் அடிச்சவன் மட்டும்தான் அவுட், மற்றவன் திரும்பி வரவேணும் எண்டு ஒரு நிர்ப்பந்தம் இல்லை. இஞ்ச பந்தை நிலத்தில படாமல் பிடிச்சால் ஓடினவன் எல்லாரும் தங்கட பேஸுக்குத் திரும்பி வந்து தொட வேணும். அதுக்குள்ள பந்து அந்த பேஸுக்கு வந்தால் அவனும் அவுட். அதாலதான் முன்னுக்குப் போறதுக்கு ஒரு அளவு வைக்கிறது.

தொடாமல் அவுட் ஆனது ஏனெண்டால், மூண்டு பேஸிலயும் ஆள் நிண்டால் அடிச்சவன் முதலாம் பேஸுக்கு ஓடவேணும், அவன் வந்தால் அங்க நிண்டவன் ரெண்டாவதுக்கு, அவன் மூண்டாவதுக்கு, மூண்டாவதில நிண்டவன் ஹோமுக்கு. போகாமல் இருக்கேலாது. அப்பிடிப் போயே ஆகவேண்டியவனுக்குப் பந்து முந்தி பிளேற்றுக்கு வந்தாலே போதும், ஆளைத் தொடத் தேவையில்லை. அதால ஸ்மித் காலை வைச்சபடி நிண்டு பந்தை வாங்கினார்.

மிசிசாகா மணி

இங்க ஒண்ணு சேர்த்துக்கிறேன். தொட வேண்டிய அவசியமே இல்லாத இடத்துல கைனர்-ஃபலேஃபா ஏன் சறுக்கினார்? நேரா ஓடி மிதிச்சிருந்தா ஒரு நொடியில ஒரு பங்கு கிடைச்சிருக்கும்னு நிறைய பேர் சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது. லீட் (பேஸ்ல இருந்து முன்ன நிக்கற தூரம்) எவ்வளவுன்னு மட்டுமே பேசிட்டு இதை விட்டுடறோம். அது மேனேஜர் முடிவு இல்லை, ஓடினவரோட முடிவு.

ஆனா என்னோட குறை வேற இடத்துல. இந்த மேட்ச்சுல நம்ம டீம் ரன் ஆக்காம பேஸ்லயே விட்டுட்டு வந்த ஆட்கள் மொத்தம் 14 பேர். பதினாலு! அவ்வளவு பேரை பேஸ்ல நிக்க வச்சுட்டு ஒரே ஒரு ரன்னர் ரெண்டடி முன்ன நின்னாரா பின்ன நின்னாரான்னு பேசறது எனக்கு சரியா படல. அடிக்க வேண்டியவங்க அடிக்கல.

அடுத்தது ஹாஃப்மேன். நம்ம க்ளோசர், அதாவது கடைசி இன்னிங்ஸ் போடற பிச்சர். அவரை எட்டாவதுலயே கொண்டு வந்தாங்க. ஏன்னா மன்ஸி, யெஸாவேஜோட பந்துல அடிச்சுட்டார், 4-3. யெஸாவேஜுக்கு 22 வயசு, புதன்கிழமை அஞ்சாவது ஆட்டத்துல 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணிட்டு ரெண்டே நாள் ஓய்வுல வந்து போடறார். அவரை ஏழாவதோட நிறுத்தியிருக்கணும். எட்டாவதை ஹாஃப்மேன் சுத்தமா ஆரம்பிச்சிருந்தா கதையே வேற.

மோர்னிங்சைட் மைந்தன்

மணி அண்ணா, 14 பேரை விட்டது உண்மை. அதை நான் மறுக்கேல்லை. ஆனா அந்த 14 பேர் நிண்டதுக்கு அடிச்சவையைக் குறை சொல்லலாம். கைனர்-ஃபலேஃபா பேஸுக்குக் கிட்ட நிண்டதுக்கு மட்டும் வெளியில இருந்து ஒரு கட்டளை வந்திருக்கு. அதுதான் எனக்கு உறுத்துது.

சறுக்கினதுக்கும் அதேதான் பதில். பந்து வரமுதல் போவன் எண்ட நம்பிக்கை இருந்தால் ஆள் நிமிர்ந்து ஓடும். பிந்திப்போனன் எண்டு உடம்புக்குத் தெரிஞ்சால்தான் விழும்.

அர்வைன் அகிலா (கலிஃபோர்னியா)

நான் டொட்ஜர்ஸ் பக்கம். திட்டுறதா இருந்தா திட்டுங்க, ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க எல்லாரும் ஷ்னைடர் தோத்தார்னு பேசறீங்க. அந்தப் பக்கம் எங்க மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் என்ன செஞ்சார்னு பாருங்க.

ரோஹாஸை ஆறாவது, ஏழாவது ஆட்டத்துக்குத்தான் லைன்அப்ல கொண்டு வந்தார். வயசு 36, சீசன் முழுக்க ஏழே ஹோம் ரன். ஒன்பதாவதுல அவர்தான் ஹோம் ரன் அடிச்சார், அதே இன்னிங்ஸ் கீழ்ப்பாதியில ஹோமுக்கு எறிஞ்சு காப்பாத்தினதும் அவர்தான். பாஹெஸை ஃபீல்டிங்குக்காக அந்த ஒன்பதாவதுலதான் உள்ள அனுப்பினார். வார்ஷோவுக்கு அடுத்து கிளெமெண்ட் தூக்கி அடிச்சப்போ நான் சோஃபாவுல இருந்து எழுந்துட்டேன், முடிஞ்சுதுன்னு. பாஹெஸ் எங்கிருந்தோ ஓடி வந்து கீகே மேல மோதி, அவரைக் கீழ தள்ளி, பந்தைப் பிடிச்சார். அவர் உள்ள இல்லைன்னா நீங்க சாம்பியன்.

யமமோட்டோவை எடுங்க. முந்தின நாள் 96 பந்து போட்டவர். அவரை பேஸ்ல ரெண்டு பேர் இருக்கும்போது கொண்டு வந்தார், முதல் ஆளையே பந்தால அடிச்சார். அந்த நிமிஷம் நாங்க எல்லாரும் ராபர்ட்ஸைத்தான் திட்டிட்டிருந்தோம். அப்புறம் அவர் ரெண்டே முக்கால் இன்னிங்ஸ் கிட்ட போட்டு, தொடரோட மூணாவது வெற்றியும் வாங்கி எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) ஆனார். ஒரு ஸ்பிளிட்டர் கொஞ்சம் தொங்கியிருந்தா இப்போ எங்க ஊர்ல அவரைப் பத்தி இதே மாதிரி எழுதிட்டிருப்பாங்க.

மார்க்கம் வாசி

அகிலா அக்கா சொல்லுறதைத்தான் நானும் சொல்ல வந்தனான். ஒக்ரோபர் 20ஐ மறந்திட்டியளோ? வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தின தொடரில சியாட்டிலோட ஏழாவது ஆட்டம், அவை 3-1 முன்னுக்கு, ஏழாவது இன்னிங்ஸ், எங்களுக்கு ரெண்டு பேர் பேஸில, ஒரு அவுட். டான் வில்சன் தன்ர க்ளோசர் மூன்யோஸை வைச்சுக்கொண்டு பஸார்டோவை அனுப்பினார். ஸ்பிரிங்கர் மூண்டு ரன் அடிச்சார், 4-3, நாங்கள் வேர்ல்ட் சீரிஸ் போனம். அண்டைக்கு நாங்கள் சியாட்டில் மனேஜர் விசரன் எண்டு சொல்லிக் கொண்டாடினம். பந்து ஒரு ஆறு அங்குலம் கீழ போய் ஸ்பிரிங்கர் ஒரு உருளலில அவுட் ஆகியிருந்தால் வில்சனைக் கெட்டிக்காரன் எண்டிருப்பினம்.

முடிவைப் பாத்து முடிவெடுத்தவனை எடை போடுறது பிழை. பிஷெட் ஓடேலாது எண்டது எல்லாருக்கும் தெரியும். வார்ஷோவின்ர அதே உருளலுக்கு பிஷெட் மூண்டாவதில நிண்டிருந்தால் பாதி வழியில அவுட். அல்லது ஆழமா ஒரு ஹிற் வந்து ரெண்டாவதில இருந்து ஓடேலாமல் நிண்டிருந்தால் நீங்களே கேப்பியள், ஏன் ஓடுற ஆளை இறக்கேல்லை எண்டு.

மோர்னிங்சைட் மைந்தன்

இறக்கினது பிழை எண்டு நான் எங்க சொன்னனான்? திரும்ப வாசியுங்கோ அண்ணை. இறக்கினது சரி எண்டால் அதுக்குப் பிறகு கட்டிப்போட்டது பிழை. கட்டிப்போட்டது சரி எண்டால் இறக்கினது வீண். ரெண்டும் ஒண்டா சரியா இருக்கேலாது. வில்சன் கதைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அவர் ஒரு பிச்சரைத் தெரிவு செய்தார், அது சரியா வரேல்லை. இஞ்ச நடந்தது தான் எடுத்த முடிவைத் தானே குறுக்கால வெட்டினது.

அதின்ர விலை எப்ப வந்தது? பதினோராவதில. 5-4. விளாடி கெரெரோ முதல் ஆளா வந்து டபிள் அடிக்கிறார். ரெண்டாவதில நிக்கிறார், ஒரு அவுட்டும் இல்லை. அடுத்து வரவேண்டிய ஆள் ஆர்? பிஷெட். அண்டைக்கு ஒஹ்டானிக்கு மூண்டு ரன் அடிச்ச ஆள். ஆனா வந்தது கைனர்-ஃபலேஃபா. பன்ற், அதாவது பந்தை மெதுவாத் தட்டிவிட்டது. விளாடி மூண்டாவதுக்குப் போனார், ஒரு அவுட் போச்சு. பார்ஜருக்கு வோக். கிர்க்கின்ர துடுப்பு முறிஞ்சு பந்து பெற்ஸிட்ட உருண்டுது. பெற்ஸ் தானே ரெண்டாவதை மிதிச்சு முதலாவதுக்கு எறிஞ்சார். கிர்க் ஓடுற வேகம் உங்களுக்குத் தெரியும். ஒரே பந்தில ரெண்டு அவுட், மாச் சரி.

மிசிசாகா மணி

பன்ட் பத்தி நான் மைந்தனோட ஒத்துப் போகல. ஒரு ரன் வேணும்ங்கிற நிலைமை. ரெண்டாவதுல ஆள், அவுட் இல்லைன்னாலும், மூணாவதுல ஆள், ஒரு அவுட்னாலும் அந்த ஒரு ரன் வர வாய்ப்பு ஏறத்தாழ ஒண்ணுதான். கணக்குல பார்த்தா கொஞ்சம் பன்ட் பக்கம்தான் சாயும். கைனர்-ஃபலேஃபா மாதிரி பவர் இல்லாத ஆள் கையில பேட் இருக்கும்போது அது இன்னும் சரி. பன்ட்டும் சுத்தமா விழுந்துது.

ஆனா மைந்தனோட அடிப்படைக் கேள்வி சரி. பிஷெட் நின்னிருந்தா யாரும் பன்ட் பத்தி யோசிச்சிருக்கவே மாட்டாங்க. இதே மூணாவது ஆட்டத்துலயும் நடந்தது. டொட்ஜர் ஸ்டேடியத்துல 18 இன்னிங்ஸ் போன மேட்ச். ஏழாவதுலயே பிஷெட்டை எடுத்துட்டு ஓட ஆள் விட்டார். அப்புறம் கிர்க்கையும் எடுத்தார். ஸ்பிரிங்கர் ஏற்கெனவே விலா வலின்னு வெளிய. ராத்திரி நீள நீள விளாடிக்குப் பின்னாடி அடிக்க ஆளே இல்லை. கடைசியில ஃப்ரீமன் அடிச்சு 6-5. ஒரு தொடர்ல ஒரே விதமா ரெண்டு தடவை கையைச் சுட்டுக்கிட்டோம்.

92ல வந்தவன்

பிள்ளையள், நான் உங்களில வயசுக்கு மூத்தவன் எண்டு நினைக்கிறன். நான் இஞ்ச வந்து இறங்கின வருசம்தான் ஜேஸ் முதல் கிண்ணம் எடுத்தது. அடுத்த வருசமும் எடுத்தது. 93இல ஜோ காட்டர் ஹோம் ரன் அடிச்சு கிண்ணம் வெண்டது எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தத் தொடரில எங்கட மனேஜர் சிற்றோ காஸ்ரன் எடுத்த ஒரு முடிவை இப்ப ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

மூண்டாவது ஆட்டம் ஃபிலடெல்பியாவில. அந்தக் காலத்தில நஷனல் லீக் மைதானத்தில பிச்சரும் அடிக்க வேணும், அடிக்க மட்டும் ஒரு ஆளை வைச்சிருக்கேலாது. ஜோன் ஒலருட் அந்த வருசம் .363 அடிச்சு அமெரிக்கன் லீக்கின்ர முதல் ஆள். அந்த ஒலருடை இருத்திப்போட்டு, அடிக்க மட்டும் வந்துகொண்டிருந்த போல் மொலிற்றரை முதலாம் பேஸில விட்டார் காஸ்ரன், எதிரிப் பிச்சர் இடக்கை எண்டதால. வேர்ல்ட் சீரிஸில, லீக்கின்ர முதலாவது துடுப்புக்காரனை இருத்தினார்! மொலிற்றர் ஹோம் ரன் அடிச்சார், 10-3 எண்டு வெண்டம்.

ஆனா மார்க்கம் தம்பி, நான் உங்கட பக்கம் எண்டு நினைக்காதேங்கோ. காஸ்ரன் ஒரு முடிவெடுத்தால் அதைக் கடைசி மட்டும் கொண்டு போவார். ஷ்னைடரிட்ட நான் காணுற குறை அதுதான். 2023 மினசோட்டாவில எங்கட பிச்சர் பெரியோஸ் அழகாப் போட்டுக்கொண்டிருந்தவர், 47 பந்து, நாலாவது இன்னிங்ஸில ஒரு வோக் குடுத்த உடன எடுத்துப்போட்டு கிக்குச்சியை விட்டினம். ரெண்டு ரன் போச்சு, 2-0, வீட்டுக்கு வந்தம். அதுக்கு முதல் வருசம் சியாட்டிலோட 8-1 முன்னுக்கு நிண்டு, கோஸ்மனை எடுத்துப்போட்டு மேய்ஸாவை விட்டு, 10-9 எண்டு தோத்தது இன்னும் என்ர கண்ணுக்கு முன்னால நிக்குது. மூண்டு வருசமா இதே ஆள்.

மார்க்கம் வாசி

ஐயா, நீங்கள் சொன்ன 2022உம் 2023உம் உண்மைதான். அதாலதான் நான் இந்த வருசத்தைப் பாக்கச் சொல்லுறன். அவர் மாறியிருக்கிறார்.

சியாட்டிலில நாலாவது ஆட்டம், அஞ்சாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட். எங்கட பிச்சர் ஷெர்ஸரை எடுக்க ஷ்னைடர் நடந்து போறார். 41 வயசு ஷெர்ஸர் முகத்துக்கு நேர சத்தம் போடுறார், போகமாட்டன் எண்டு. 2023 ஷ்னைடர் எண்டால் பந்தை வாங்கியிருப்பார். இவர் திரும்பி நடந்தார். ஷெர்ஸர் அடுத்த ஆளை ஸ்ரைக் அவுட் எடுத்தார், நாங்கள் 8-2 வெண்டம்.

வேர்ல்ட் சீரிஸ் முதலாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். டேவிஸ் ஷ்னைடர் எண்ட ஆட்டக்காரரை எடுத்துப்போட்டு மனேஜர் பார்ஜரை அடிக்க விட்டார். கிராண்ட் ஸ்லாம், பேஸ் நிறைஞ்சு நிக்க ஹோம் ரன். வேர்ல்ட் சீரிஸ் சரித்திரத்தில மாற்றாள் அடிச்ச முதல் கிராண்ட் ஸ்லாம் அது. 11-4. அதை ஆரும் ஷ்னைடரின்ர பேரில எழுதேல்லை, பார்ஜரின்ர பேரிலதான் எழுதினவை. வெண்டால் ஆட்டக்காரன், தோத்தால் மனேஜர். போன வருசம் 74 வெற்றியோட கடைசியில கிடந்த ரீம், இந்த வருசம் 94 வெற்றி, டிவிஷனில முதல். இதை வேற ஒரு மனேஜர் செய்திருந்தால் சிலை வைக்கச் சொல்லியிருப்பியள்.

அர்வைன் அகிலா

ஹாஃப்மேனைப் பத்தி யாரோ சொன்னீங்க. ரோஹாஸுக்கு அவர் போட்டது 3-2 எண்ணிக்கையில (இன்னொரு தள்ளிப் போன பந்துன்னா வாக், சும்மா முதல் பேஸ்) ஒரு ஸ்லைடர், வளையற பந்து. அதைத் தள்ளிப் போட்டு வாக் கொடுத்திருக்கலாமேன்னு இங்க கூட கேட்கிறாங்க. அடுத்து வர்றது ஒஹ்டானி. மூணாவது ஆட்டத்துல ஒன்பது தடவை பேஸுக்குப் போனவர். பேஸ்ல ஆளோட அவர் முன்னாடி யாரும் நிக்க விரும்ப மாட்டாங்க. ரோஹாஸை நேருக்கு நேர் எடுத்தாகணும். எடுக்கப் போனார், பந்து நடுவுல தொங்கிடுச்சு. அப்புறம் எல்லாரோட சாம்பியன் மோதிரத்தையும் நான்தான் தொலைச்சேன்னு அவரே வந்து சொன்னார். எங்க வீட்ல ஜெயிச்ச சந்தோஷத்துலயும் அதைக் கேட்டு மனசு கஷ்டமா இருந்தது.

மிசிசாகா மணி

ஆமா அகிலா. அந்த மனுஷன் இந்த சீசன்ல 33 சேவ் எடுத்தவர், அதாவது 33 மேட்ச்சைக் கடைசியில காப்பாத்தினவர். ஓடி ஒளியாம வந்து நின்னு பேசினார். அவரை யாராவது இங்க திட்டினா நான் சும்மா இருக்க மாட்டேன்.

கொக்குவில் பார்வையாளர்

ஷ்னைடர் அந்தக் கட்டளையைத் தான் குடுத்ததோ, அல்லது மூண்டாம் பேஸில நிக்கிற கோச் குடுத்ததோ? இது ஆருக்காவது தெரியுமோ? கைனர்-ஃபலேஃபா "சொன்னவை" எண்டுதானே சொன்னவர்.

மோர்னிங்சைட் மைந்தன்

தம்பி, சரியான இடத்தில கை வைச்சனீர். ஆர் வாயால வந்ததெண்டாலும் அது ரீமின்ர கட்டளை. ரீமின்ர கட்டளைக்கு மனேஜர்தான் பொறுப்பு. 2023இல பெரியோஸை எடுத்த பிறகு ஜெனரல் மனேஜர் அற்கின்ஸ் வந்து, அது ஷ்னைடரின்ர முடிவு எண்டு கையைக் கழுவினார். ஆட்டக்காரரும் குழம்பிப் போனவை, ஆர் சொல்லி நடந்ததெண்டு. அந்தக் குழப்பம் திரும்ப வரக்கூடாது. இந்த முறை ஓடினவனின்ர தலையில கட்டப் பாக்கினம். அவன் சொன்னதைக் கேட்டவன். கேட்டதுக்காக அவனை இப்ப ஊர் முழுக்க ஏசுது, அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கு.

ஷ்னைடரை நீக்கச் சொல்லி நான் கேக்கேல்லை. அந்த ரீமைக் கட்டி எழுப்பினது அவர்தான், அதை மறுத்தால் எனக்கு நேர்மை இல்லை. ஆனா அவர் வெளியில வந்து, இந்தக் கட்டளை எங்களோடது, அந்த இடத்தில கூடப் பயந்திட்டம் எண்டு சொல்ல வேணும்.

92ல வந்தவன்

இதில நான் மைந்தனோட. பிஷெட்டுக்கு ஒப்பந்தமும் முடிஞ்சுது, அடுத்த வருசம் இந்த உடுப்பில நிப்பாரோ தெரியாது. கடைசி ஆட்டத்தில மூண்டு ரன் அடிச்ச பிள்ளை, கடைசி இன்னிங்ஸில வாங்கில இருந்து பாத்துக்கொண்டிருந்தது. அது எனக்கு ரோஹாஸின்ர ஹோம் ரன்னை விடக் கூட நோகுது.

மார்க்கம் வாசி

ஐயா, அது எனக்கும் நோகுது. ஆனா "பயந்திட்டம்" எண்டு ஷ்னைடர் சொல்ல வேணும் எண்டதை நான் ஏற்கமாட்டன். நேற்றிரவு மூண்டாம் பேஸில நான் நிண்டிருந்தாலும் பொடியனுக்கு அதேதான் சொல்லியிருப்பன்: கிட்ட நில், நிலத்தில பட்டால் பற. வார்ஷோ இடக்கை எண்டதால ஓரடி கூட விட்டிருக்கலாம், அவ்வளவுதான் நான் இறங்கி வருவன். ரெண்டடிக்கு வரமாட்டன்.

பெப்ரவரியில டனீடினில ரீமின்ர பயிற்சிக் காம்ப் துவங்கும். பேஸ் நிறைஞ்சு இடக்கைக்காரன் அடிக்கேக்க மூண்டாவதில எங்க நிக்கிறது எண்டதை முதல் கிழமையே கோடு கீறிப் பழக்கட்டும். சறுக்காமல் மிதிச்சு ஓடுறதையும் சேத்து. என்ர பொடியளுக்கு மே மாதம் நானும் அதைத்தான் துவங்கப் போறன்.

மோர்னிங்சைட் மைந்தன்

ஓரடி எண்டு ஒத்துக்கொண்டனியள். அந்த ஓரடி காணும் அண்ணை, ரீப்ளேயை இன்னொருக்காப் பாருங்கோ.